அடிச்சட்டம் கடையில், கூடு வீட்டில்: கேம்பர் டிரெய்லர் கட்ட நினைப்பவர்களுக்கு

டூங்காபி, வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில் என்று சிட்னியின் மேற்குப் பக்கம் இருக்கிற நம் ஆட்களில் யாராவது ஒருவர் அடிக்கடி கேட்டுவிடுகிறார், "அண்ணே, நானும் வீட்டிலேயே ஒரு கேம்பர் கட்டலாம்னு இருக்கேன், எதுல ஆரம்பிக்கலாம்?" காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போய், முகாமிடும் இடத்தில் படுத்துத் தூங்கும் டிரெய்லரைத்தான் கேம்பர் என்கிறார்கள். போனில் பதில் சொல்லி முடிக்க முடிவதில்லை. நான் இதுவரை இரண்டு கட்டியிருக்கிறேன், மூன்றாவது ஒன்றுக்கு நண்பருடன் கூட நின்றிருக்கிறேன், அதனால் எந்த வழியில் என்ன கிடைக்கும், எங்கே கை சுடும் என்று இங்கே எழுதிவைக்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடிச்சட்டத்தை, அதாவது சக்கரமும் அச்சும் உள்ள சேஸிஸை, கடையில் வாங்குங்கள், மேலே இருக்கும் கூட்டை நீங்களே கட்டுங்கள். நான் கரூர்க்காரன். ஓசூரிலிருந்து வெறும் சேஸிஸ் மட்டும் வரும், டிரைவருக்கு முன்னால் கண்ணாடியும் இருக்காது, தலைக்கு மேல் கூரையும் இருக்காது, முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு காற்றில் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு வருவார்கள். அந்த சேஸிஸ் எங்கள் ஊர்ப் பட்டறைக்குள் போய் சில வாரத்தில் பேருந்தாக வெளியே வரும். இன்ஜினும் அச்சும் பிரேக்கும் தொழிற்சாலையின் வேலை, பாடி கட்டுவது பட்டறையின் வேலை என்று அங்கே யாரும் யாருக்கும் விளக்கிச் சொன்னதில்லை. வீட்டு கராஜில் கட்டுகிறவருக்கும் அதே கணக்குதான்.

சரி, வழிகளுக்குப் போகும் முன் உங்கள் காரின் கையேட்டை எடுத்து மூன்று எண்களைப் பாருங்கள். பிரேக் இல்லாத டிரெய்லரை எவ்வளவு இழுக்கலாம், பிரேக் உள்ளதை எவ்வளவு இழுக்கலாம், காரின் பின்னால் டிரெய்லரை மாட்டும் கொக்கிப் பந்தின் மேல் எவ்வளவு எடை உட்காரலாம். பலர் முதல் இரண்டைப் பார்த்துவிட்டு மூன்றாவதை விட்டுவிடுகிறார்கள். ஏற்றிய டிரெய்லரின் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு முன்பக்கம் பந்தின் மேல் இருக்க வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. டிரெய்லர் 900 கிலோ என்றால் பந்தில் 90 கிலோ. உங்கள் கார் 75 கிலோதான் தாங்கும் என்றால், மொத்தம் 1500 கிலோ இழுக்கலாம் என்று எழுதியிருந்தும் பயனில்லை.

இன்னொரு எண் 750. ஆஸ்திரேலியாவில் 4.5 டன்னுக்கு உட்பட்ட டிரெய்லர்களுக்கு வி.எஸ்.பி. 1 என்ற அரசு வழிகாட்டி இருக்கிறது, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும், கட்டும் முன் படிக்க வேண்டியது அதுதான். அதன்படி, ஏற்றி மாட்டிய நிலையில் டிரெய்லரின் சக்கரங்கள் தாங்கும் எடை 750 கிலோ வரை என்றால் ஒற்றை அச்சு டிரெய்லருக்குப் பிரேக் வேண்டாம். அதற்கு மேல் 2000 கிலோ வரை குறைந்தது ஒரு அச்சின் இரண்டு சக்கரத்திலும் பிரேக் கட்டாயம். 2000 தாண்டினால் எல்லாச் சக்கரத்துக்கும் பிரேக், அத்தோடு டிரெய்லர் கழன்றுபோனால் தானாகப் பிடிக்கும் ஏற்பாடும் வேண்டும். வீட்டில் கட்டுகிறவர்களின் கனவெல்லாம் இந்த 750 கிலோ எல்லையைச் சுற்றித்தான் ஓடுகிறது. "லேசா கட்டிடுவேன், பிரேக் தேவைப்படாது" என்று எல்லோரும் சொல்வார்கள். கட்டி முடித்து எடை மேடையில் ஏற்றும்போது அந்தப் பேச்சு எடுபடுவதில்லை. தண்ணீர் 50 லிட்டர் என்றால் 50 கிலோ, குளிர்பெட்டி, பேட்டரி, மெத்தை, அரிசி, பாத்திரம், நாற்காலி என்று ஒவ்வொன்றாக ஏறும். ஃபிட்ஸ்ராய் ஃபால்ஸிலிருந்து கங்காரு வேலி என்ற பள்ளத்தாக்குக்குள் இறங்கும் பாரங்கேரி மலைப்பாதையில் பின்னால் 700 கிலோ பிரேக் இல்லாமல் தள்ளிக்கொண்டு வந்ததை நான் அனுபவித்திருக்கிறேன். சட்டம் அனுமதித்த எடைதான், ஆனாலும் அதற்குப் பிறகு பிரேக் இல்லாத டிரெய்லரை யாருக்கும் நான் சொல்வதில்லை.

முதல் வழி, பழைய பெட்டி டிரெய்லரின் மேல் மடக்குக் கூடாரம். என் முதல் கேம்பர் இதுதான். 6-க்கு 4 அடிப் பெட்டி டிரெய்லர் இங்கே எந்தத் தெருவிலும் ஒன்று விற்பனைக்குக் கிடக்கும். நான் 700 டாலருக்கு வாங்கினேன், டயரும் பேரிங்கும் மாற்ற 350, மேலே சதுரக் குழாயில் சட்டம் போட்டு வெல்டிங் செய்ய 400, கார் கூரையில் வைக்கும் வகைக் கூடாரம் 1500, ஆக 2950 டாலரில் மூன்று வார இறுதியில் வண்டி தயார். உடனே கிளம்பிவிடலாம் என்பதுதான் இதன் பெரிய பலம். பெட்டிக்குள் சாமானெல்லாம் போய்விடும், கூடாரம் காரின் கூரையை விடத் தாழ்வாக இருப்பதால் ஏணியும் குட்டையாக இருக்கும், ஊருக்கு வந்த பிறகு சட்டத்தைக் கழற்றிவிட்டுக் குப்பை கொட்டவும் மண் அள்ளவும் அதே டிரெய்லரைப் பயன்படுத்தலாம்.

ஆனால் மழை. கூடாரத்துணி நனைந்தால் ஈரத்தோடுதான் மடிக்க வேண்டும், வீட்டுக்கு வந்ததும் அன்றைக்கே விரித்துக் காயவைக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு மூன்று நாளில் தையல் ஓரமாகக் கரும்புள்ளி பூக்கத் தொடங்கும். ஞாயிறு இரவு எட்டு மணிக்கு வீடு வந்து, மறுநாள் பள்ளிக்கும் வேலைக்கும் போக வேண்டிய நிலையில் கராஜில் கூடாரம் விரிப்பது எத்தனை முறை முடியும்? அப்புறம் ஐந்து வயதுப் பையனை நள்ளிரவில் ஏணி வழியாகக் கீழே இறக்கி ஒன்றுக்கு விட்டு மறுபடி ஏற்றுவது. இரண்டு வருடம் ஓட்டினோம், நல்ல நினைவுகள் நிறைய இருக்கின்றன, இன்றும் குழந்தை இல்லாத இளம் தம்பதிகள் கேட்டால் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். அவர்கள் வருடத்துக்கு நான்கு முறை போனால் அதிகம், அதற்கு இது தாராளம்.

இரண்டாவது, 1970களின் பழைய கேரவன் ஒன்றைச் சல்லிசாக வாங்கிப் புதுப்பிப்பது. படத்தில் பார்க்க மிக அழகாக இருக்கும் வழி, ஆளை அதிகம் ஏமாற்றும் வழியும் இதுதான். நண்பர் ஒருவர் 16 அடிக் கேரவன் ஒன்றை 1500 டாலருக்குப் பேசி வைத்துவிட்டு என்னை அழைத்துப் போனார். வெளியே புதுப் பெயின்ட், உள்ளே புதுத் திரைச்சீலை. ஜன்னலின் கீழ் மூலையில் உள்பலகை லேசாக அலை போல உப்பியிருந்தது. ஸ்க்ரூடிரைவரை அங்கே வைத்து அழுத்தினேன், எதிர்ப்பே இல்லாமல் கைப்பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. வெளியே எடுத்தால் முனையில் ஈரமான காபித்தூள் போல மரம் ஒட்டியிருந்தது. அந்தக் காலக் கேரவன்களுக்குள் பெரும்பாலும் மரச்சட்டம்தான், வெளியே மெல்லிய அலுமினியத் தகடு. கூரை விளிம்பிலும் ஜன்னல் ஓரத்திலும் போட்ட பசை முப்பது நாற்பது வருடத்தில் காய்ந்து வெடித்து, தகட்டுக்கு உள்ளே தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்திருக்கும், வெளியிலிருந்து தெரியவே தெரியாது.

நண்பர் மனசு கேட்காமல் வாங்கிவிட்டார். ஒரு மூலையைச் சரிசெய்யப் பிரித்தால் பக்கத்து மூலையும் போயிருந்தது, அதைப் பிரித்தால் கூரைச் சட்டம். பதினான்கு மாதம் கழித்து முற்றத்தில் மிச்சம் நின்றது சேஸிஸ் மட்டும்தான். பழைய கேரவனைப் புதுப்பிப்பது என்பது பெரும்பாலும் பழைய இரும்பின் மேல் புதிதாகக் கட்டுவதில் போய் முடிகிறது, அதுவும் உங்கள் காருக்குப் பொருந்தாத எடையில். ஸ்க்ரூடிரைவரால் நான்கு மூலை, எல்லா ஜன்னலுக்கும் கீழ், கதவுப் படி, முன்பக்கத் தரை என்று குத்திப் பார்க்க விற்பவர் விடுவார் என்றால் பாருங்கள். விடமாட்டார் என்றால் அதுவே பதில்.

மூன்றாவது, பயன்படுத்திய கேம்பரை அப்படியே வாங்குவது. கட்டும் ஆசை இல்லாதவர்களுக்கு இதில் ஒரு குறையும் இல்லை. கூடாரத்துணி, சேஸிஸின் வெல்டிங், ஸ்பிரிங், பேரிங் நான்கையும் பாருங்கள், டிரெய்லர் தகட்டில் உள்ள எண்ணும் பதிவுச் சீட்டில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள், போதும்.

நான்காவது வழிக்கு வருகிறேன், முதுகு வளைந்த சிறு பெட்டி, டியர்டிராப் என்பார்கள். அமெரிக்காவில் 1930களிலிருந்தே வீட்டுக் கொட்டகைகளில் கட்டிக்கொண்டிருக்கிற வடிவம். உள்ளே படுக்கை மட்டும், பின்பக்க மூடியைத் தூக்கினால் அடுப்படி. எங்கள் இரண்டாவது வண்டி இந்த வகைதான், ஆனால் நால்வருக்காக வளைவைக் குறைத்துப் பின்பக்கத்தைச் சதுரமாக்கி, எங்கள் கால்மாட்டுக்கு மேலே குறுக்காக ஒரு பரண் வைத்தேன், மகள் அதில் படுப்பாள்.

இங்கேதான் அடிச்சட்டக் கேள்வி. நீங்களே வெல்டிங் செய்து சேஸிஸ் கட்ட சட்டத்தில் தடை இல்லை. ஆனால் 2021 ஜூலை 1 முதல் புதிய வாகனத் தரச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது, புது டிரெய்லர் கட்டுகிறவர் ரோவர் என்ற மத்திய அரசு இணையதளத்தில் அனுமதி வாங்கி, வண்டியை அங்கீகரிக்கப்பட்ட வாகனப் பதிவேட்டில் ஏற்றிய பிறகுதான் மாநிலப் பதிவுக்கே போக முடியும். இந்தப் படிவங்களைப் பொறுமையாக நிரப்பி முடித்தவர்கள் இருக்கிறார்கள், அதனால் அது ஒரு காரணமே இல்லை. என் காரணம் வேறு. டிரெய்லரைக் காரோடு இணைக்க முன்னால் நீளும் இழுகம்பி, சேஸிஸோடு சேரும் இடத்தில்தான் ஒவ்வொரு குழியின் அதிர்வும் வந்து விழுகிறது. கம்பி எந்தத் தடிமன், வெல்டிங் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது, அச்சு எங்கே உட்கார வேண்டும் என்பதில் ஒரு தப்பு செய்தால் அது உங்கள் முற்றத்தில் தெரியாது, மணிக்கு 100 கிலோமீட்டரில் ஹியூம் நெடுஞ்சாலையில் தெரியும், பக்கத்து வண்டியில் வேறொரு குடும்பம் இருக்கும். கூட்டில் தப்பு செய்தால் நாம் நனைவோம், அவ்வளவுதான். வெல்டிங்கையே தொழிலாகச் செய்கிறவர் என்றால் தாராளமாகக் கட்டுங்கள். யூடியூப் பார்த்துப் பழகியவர் தயவுசெய்து வேண்டாம்.

நான் 8-க்கு 6 அடி பிளாட் டாப் (பக்கச் சுவர் இல்லாத தட்டையான) டிரெய்லர் ஒன்றைப் புதிதாக, பிரேக்கோடு, பதிவோடு 3200 டாலருக்கு வாங்கினேன். தகட்டில் எழுதியிருக்கும் உச்ச எடைதான் நமக்கு எல்லை, மேலே என்ன கட்டினாலும் அதற்குள் அடங்க வேண்டும். கட்டும் முன்பே ப்ளூ ஸ்லிப் என்ற பதிவுக்கான பரிசோதனைச் சான்று கொடுக்கும் நிலையத்துக்கு வரைபடத்தோடு போய், பாடியை மாற்றினால் என்னென்ன காட்ட வேண்டும் என்று கேட்டுவிட்டேன், எடைச் சீட்டு, விளக்குகள், பிரதிபலிப்பான்கள் என்று அவர் சொன்னதையெல்லாம் குறித்துக்கொண்டு அதன்படி கட்டினேன். நியூ சவுத் வேல்ஸில் இது நடந்தது, விக்டோரியா, குயின்ஸ்லாந்து ஆட்கள் அங்கங்கே கேட்டுக்கொள்ளுங்கள்.

சுவருக்கு மூன்று வகை யோசித்தேன். 12 மி.மீ. பிளைவுட்டை அப்படியே சுவராக நிறுத்துவது சுலபம், 2400-க்கு 1200 பலகை ஒன்று சுமார் 19 கிலோ வரும், ஆனால் வெயிலும் குளிரும் நேரே உள்ளே வந்துவிடும். பைன் மரச் சட்டத்துக்கு நடுவே 25 மி.மீ. எக்ஸ்.பி.எஸ். நுரைப்பலகை வைத்து இரண்டு பக்கமும் மெல்லிய பிளைவுட் ஒட்டினால் எடை ஏறக்குறைய அதே அளவுதான், ஆனால் ஜூலை மாதத்துக் குளிர் இரவில் வித்தியாசம் நன்றாகவே தெரியும். மூன்றாவது, மரமே இல்லாமல் 50 மி.மீ. நுரைப்பலகையைச் செதுக்கி ஒட்டி, மேலே கேன்வாஸ் துணியை மரப்பசையில் நனைத்துப் போர்த்திப் பெயின்ட் அடிப்பது. பாதி எடைகூட வராது. சின்ன கார் வைத்திருக்கிறவர்கள் இதைத்தான் பார்க்க வேண்டும். எனக்குப் பரணில் ஒரு குழந்தை தொங்கப்போகிறாள், ஸ்க்ரூ பிடிக்கச் சுவரில் மரம் வேண்டும், அதனால் நடு வகையை எடுத்தேன், ஒரு நாளும் வருந்தவில்லை.

ஒழுகலைப் பற்றி ஒரு பத்தி எழுதாமல் விட முடியாது, ஏனென்றால் வீட்டில் கட்டிய வண்டிகளைக் கொல்வது அதுதான். கூரையில் நீங்கள் போடும் ஒவ்வொரு ஓட்டையும் ஒரு நாள் ஒழுகும் என்று நினைத்தே போடுங்கள். கூரைத் தகடு ஒரே துண்டாக இருக்கட்டும், நடுவில் இணைப்பு வேண்டாம். காற்றுப்போக்கியின் விளிம்புக்கு அடியில் காயாத பியூட்டைல் நாடா, சுற்றிலும் பாலியூரித்தேன் பசை. சிலிக்கான் மட்டும் வேண்டவே வேண்டாம், அதன் மேல் பெயின்ட் ஒட்டாது, பின்னால் புதுப் பசையும் ஒட்டாது, சுரண்டி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். நான் அடுப்படி மூடிக்கு நீளமான பியானோ கீல் போட்டிருந்தேன். கங்காரு வேலியில் பெண்டீலா முகாமில் முதல் பெருமழை, காலையில் மூடியைத் தூக்கினால் கீலின் ஸ்க்ரூ ஒன்றின் நுனியில் ஒரு சொட்டு திரண்டு நிற்கிறது, விழுகிறது, மறுபடி திரள்கிறது, நேர் கீழே மனைவி வைத்திருந்த முறுக்கு டப்பாவின் மூடி திறந்திருந்தது. ஊருக்கு வந்ததும் அதைக் கழற்றிவிட்டு, ஒன்றுக்குள் ஒன்று கொக்கி போல மாட்டும் ஹரிகேன் ஹிஞ்ச் என்ற அலுமினியக் கீலைப் போட்டேன், அதில் தண்ணீர் உள்ளே இறங்க வழி இல்லாமல் ஓரமாக வழிந்துவிடும். நீங்கள் முதலிலேயே அதைப் போட்டுவிடுங்கள்.

காற்றுப்போக்கியைச் செலவு என்று பார்த்து விட்டுவிடாதீர்கள். நான்கு பேர் மூடிய பெட்டிக்குள் மூச்சு விட்டால் விடிவதற்குள் சுவரெல்லாம் வியர்க்கும், மெத்தைக்கு அடியில் பூஞ்சை பிடிக்கும். மெத்தைக்குக் கீழே பலகைச் சட்டங்கள் போட்டு இடைவெளி விடுங்கள். உள்ளே சமைக்கவே கூடாது, ஹீட்டராக அடுப்பை ஏற்றுவது அதைவிட ஆபத்து. பதித்த கேஸ் இணைப்பு வேண்டும் என்றால் உரிமம் உள்ள கேஸ் ஃபிட்டர் சான்றிதழ் தர வேண்டும், நாங்கள் தனி அடுப்போடு நிறுத்திக்கொண்டோம், மூடி திறந்த வெளியில்தான் சமையல்.

மின்சாரம் பெரிய விஷயமில்லை. 40 லிட்டர் கம்ப்ரஸர் குளிர்பெட்டி எங்களுக்கு நாளொன்றுக்கு 30 ஆம்பியர் மணி அளவு இழுக்கிறது. 100 ஆம்பியர் மணி லித்தியம் பேட்டரி 11 கிலோவுக்குப் பக்கம்தான், அதே அளவு ஈய அமில பேட்டரி 30 கிலோ, அதிலும் பாதிதான் எடுக்க முடியும். ஆனால் 2022-இல் வந்த மின் தர விதி லித்தியத்தைப் படுக்கும் இடத்திலிருந்து பிரித்து வைக்கச் சொல்கிறது. நான் அதை இழுகம்பி மேல் பூட்டுப் பெட்டியில் வைத்தேன், இதில் இன்னொரு லாபமும் உண்டு. அடுப்படியும் குளிர்பெட்டியும் பின்பக்கம் இருப்பதால் இந்த வகை வண்டிகளுக்கு வால் கனம் சேரும், வால் கனத்தால் டிரெய்லர் நெளிந்து ஆடும், காரையும் சேர்த்து ஆட்டும். பேட்டரியும் தண்ணீர்த் தொட்டியும் அச்சுக்கு முன்னால் போனால் சமநிலை திரும்பிவிடும். கிளம்பும் முன் குளியலறை எடை மெஷினை இழுகம்பிக்கு அடியில் ஒரு கட்டையோடு வைத்துப் பந்தின் எடையைப் பார்த்துவிடுவேன், ஐந்து நிமிட வேலை.

எனக்கு ஆன கணக்கு: டிரெய்லர் 3200, பிளைவுட், நுரை, அலுமினியம், பசை எல்லாம் 2900, கதவு, ஜன்னல், காற்றுப்போக்கி 1100, பேட்டரி, வயரிங், குளிர்பெட்டி 1900, மொத்தம் 9100 டாலர், பதினொரு மாத வார இறுதிகள். எடை மேடையில் காலியாக 640 கிலோ, எல்லாம் ஏற்றிய பிறகு 870. பிரேக் இருக்கிறது என்ற நிம்மதி அந்தச் சீட்டைப் பார்த்தபோதுதான் முழுசாக வந்தது. பணத்தை மட்டும் பார்த்தால் பழைய கேம்பர் ஒன்று இதே விலையில் கிடைத்திருக்கும். மகள் தன் பரணுக்குத் தானே மணல் தாள் தேய்த்தாள், எங்கே எந்த வயர் போகிறது என்று எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு தெரியும், நடுக்காட்டில் விளக்கு எரியாவிட்டால் பத்து நிமிடத்தில் கண்டுபிடிப்பேன். அதற்கு நான் மதிப்புக் கொடுக்கிறேன், உங்களுக்கு அது வேண்டாம் என்றால் வாங்குவதே சரி.

கடைசியாக, அளவு. முதலில் நான் 7-க்கு 5 அடி டிரெய்லர்தான் பேசி வைத்திருந்தேன், விலை 500 டாலர் குறைவு. முன்பணம் கொடுப்பதற்கு முந்தின வெள்ளிக்கிழமை இரவு, கராஜ் தரையில் சாக்பீஸால் உள் அளவைக் கோடு போட்டு, மெத்தை விரித்து, நானும் மனைவியும் நடுவில் மகனுமாகப் படுத்தோம். மகள் ஓரமாக ஸ்லீப்பிங் பேக்கில் படுத்துக்கொண்டு டார்ச் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு மணிக்கு விழித்துப் பார்த்தால் பையன் குறுக்கே கிடக்கிறான், மனைவி கோட்டுக்கு வெளியே குளிர்ந்த சிமெண்டில் ஒரு கையை வைத்துத் தூங்கிக்கொண்டிருக்கிறாள். எழுந்து அந்தப் பக்கத்துக் கோட்டைக் காலால் அழித்துவிட்டு 300 மி.மீ. தள்ளி வேறொரு கோடு போட்டேன். இன்று எங்கள் வண்டியின் இடப்பக்கச் சுவர் அந்தக் கோட்டில்தான் நிற்கிறது.